ஊவாவேந்தனின் உறவுகள்

என் வீட்டுக்காரருக்கு உலகம் முழுக்க உறவுகள் இருந்தார்கள். ரொறன்ரோ, லண்டன், சூரிச், ஒஸ்லோ என்று எங்கெங்கே குளிர் அதிகமோ அங்கெல்லாம் அவருக்கு ஆள் இருந்தது. ஒருவரையும் கண்ணால் கண்டதில்லை. பாதிப் பேரின் உண்மைப் பெயர்கூடத் தெரியாது. ஆனால் அவர்கள் “உறவே” என்று தொடங்கி நாலு வரி எழுதிவிட்டால் மனுஷன் உருகிப்போவார். ஹாலிஎலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சொந்தச் சித்தப்பா பக்கத்தில் வந்து நின்றால் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்கிறவரும் இதே மனுஷன்தான்.

அவர் பெயர் சுரேஸ். ஹாலிஎலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியர். இணையத்தில் அவருக்கு ஊவாவேந்தன் என்று பெயர். ஊவா எங்கள் மாகாணம், ஆனால் அந்த வேந்தர் ஆண்டது பதுளையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறையை மட்டும்தான். அதிலும் பாதியை என் தையல் மெஷின் பிடித்துக்கொண்டிருந்தது.

நான் ஜெயந்தினி. பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஸரூக் நானாவின் கடையில் வேலை பார்த்தேன். வெளிநாட்டு டெலிபோன் கோல், போட்டோக் கொப்பி, டைப்பிங், இன்டர்நெட் எல்லாம் ஒரே கடையில். இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷத்துச் சங்கதி இது. டெலிபோன் வயரில் இன்டர்நெட் ஊர்ந்து வந்த காலம். ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு பிளேன்டீயைக் குடித்து முடித்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்காரர் கடைக்கு வந்து என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். இவருக்குத் தமிழில் டைப் பண்ண வராது. இவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். எழுத்துப் பிழைகளையும் நான்தான் திருத்துவேன். ஊவாவேந்தனின் தமிழ் கற்கண்டு என்று ஒஸ்லோவிலிருந்து ஒரு அம்மா எழுதியபோது இவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

இவர் எழுதிய அந்த இணையக் கருத்துக்களத்துக்கு ‘வேரடி’ என்று பெயர். அரசியல், சைவம், இசை என்று மூன்று பகுதி. அரசியலில் எல்லாரும் போராளிகள், சைவத்தில் எல்லாரும் அடியார்கள், இசையில் எல்லாரும் விமர்சகர்கள். காலையில் உலகத்தைத் தலைகீழாகப் புரட்டுகிறவர் மத்தியானம் தேவாரத்துக்குப் பண் பிரிப்பார், சாயங்காலம் யாரோ ஒருத்தரின் நாதஸ்வரத்துக்கு மார்க் போடுவார். எப்போது வேலைக்குப் போவார்கள் என்று எனக்குப் பெரிய சந்தேகம். இவரிடம் கேட்டேன். உனக்கு எல்லாமே கேலிதான் என்றார். அது சரிதான்.

இவருக்கு அந்தக் களம் என்றால் உயிர். ஒருநாள் வீட்டில் சொன்னார்.

“பதுளை பூராவும் தேடினாலும் இந்த மூணையும் ஒண்ணா பேச எனக்கு ஒரு ஆள் கெடையாது ஜெயந்தி. ஸ்டாஃப் ரூமுக்குப் போனா சம்பளம், லோன், அரியர்ஸ். இவங்கதான் என் மனசுக்கு ஏத்தவங்க.”

நான் அப்போது அவருக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். அரசியல், சைவம், இசை மூன்றையும் வாரா வாரம் டைப் பண்ணுகிறவள் ஒருத்தி முன்னால் நிற்கிறாள் என்று அவருக்குத் தோன்றவில்லை. ரொட்டியைத் திருப்பிப் போட்டேன்.

வேரடியின் நிர்வாகி மதுசூதனன் என்பவர். ரொறன்ரோவில் இருந்தார், பூர்வீகம் யாழ்ப்பாணம். இவர் அவரை “மது அண்ணர்” என்பார். எங்கள் பக்கத்தில் அண்ணன்தான் உண்டு, அண்ணர் கிடையாது. ஆனால் இவர் அண்ணருக்குப் போனதோடு நிற்கவில்லை. வீட்டில் உப்புப் போதுமா என்று கேட்டாலும் “ஓமோம்” என்று தலையாட்டப் பழகிவிட்டார். தோட்டத்தில் பிறந்து ஆமாங்க, இல்லைங்க என்று வளர்ந்த வாய். அதைக் கேட்கக் கேட்க எனக்குக் காது கூசும்.

சேர்ந்த புதிதிலேயே அந்த மது அண்ணர் கேட்டிருந்தார், “உங்கட ஊர் எவடம்?” என்று. இவர் நன்றாக யோசித்துவிட்டு என்னிடம் சொன்ன பதில் இது: “பணி நிமித்தம் ஊவாவில் வசிக்கிறேன்.” யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்கக் கச்சேரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் மாற்றலாகி வருகிறவர்கள் சொல்கிற வாக்கியம் அது. இவர் பிறந்ததே அங்கேதான். பிறப்பதையும் ஒரு பணியாகக் கணக்கில் எடுத்தார் போலும். நான் அப்படியே அடித்து அனுப்பினேன். அன்றிலிருந்து அவர்கள் இவரைத் தங்களில் ஒருவர் என்று நினைத்துக்கொண்டார்கள். இவரும் அப்படியே இருந்துவிட்டார்.

அதற்காகப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவிட முடியாது. அரசியல் பகுதியில் இவர் எழுதுவதைப் படித்தால் பதுளைப் பொலிஸ் என்றைக்கு வந்து கதவைத் தட்டுமோ என்று எனக்குப் பயம் வரும். அப்படித் தட்டினால் ரொறன்ரோவில் யாருடைய சாப்பாடும் கெட்டுப்போகாது. “உறவே, உறுதியாக இருங்கள்” என்று ஒரு வரி எழுதிவிட்டு நாதஸ்வரத்துக்குப் போய்விடுவார்கள்.

இனி என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயர் வீரய்யா. லுணுகலைப் பக்கம் தோட்டத்தில் தப்புப் பறை அடிக்கிறவர். திருவிழா, கல்யாணம், காமன் கூத்து, சாவு எல்லாவற்றுக்கும் அவர்தான். அடக்கமான மனுஷன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தான் தப்பை எடுத்தால் மழை நிற்கும் என்பார். நின்றதில்லை. தனக்கு மேல் ஆள் மொனராகலை வரைக்கும் கிடையாது என்பார், அதைச் சொல்லிச் சொல்லியே ஊரில் பாதிப் பேரோடு சண்டை. என் வீட்டுக்காரரின் தாத்தா அதே தோட்டத்தில் கங்காணி. கங்காணி வீட்டுப் பேரன் தப்படிக்கிறவர் மகளைக் காதலித்துக் கட்டினார் என்றால் சும்மாவா? இவருடைய அம்மா இன்று வரைக்கும் என் வீட்டில் தண்ணீர் குடிப்பதில்லை. சாதியை உடைத்தெறிந்துவிட்டேன் என்று கல்யாணத்தன்று இவர் சிநேகிதர்களிடம் முழங்கினார். உடைத்தெறிந்தவர் போட்டோ எடுக்கும்போது என் அப்பாவைக் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொன்னார். நான் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த வருஷம் வேரடிக்காரர்கள் ரொறன்ரோவில் ஒரு மண்டபம் எடுத்து ‘எழுச்சி மாலை’ நடத்துவதாக முடிவு பண்ணினார்கள். மதுசூதனன் இவருக்கு எழுதினார்: “எங்கட மலையக உறவுகளின்ரை ஆதிப் பறை ஒன்று தொடக்கத்துக்குப் போட விருப்பம். நீங்கள் அங்க வேலை செய்யிறதாலை அந்தச் சனத்தோட பழக்கம் இருக்கும்தானே. ஒருக்கா எடுத்துத் தாங்கோ.”

அந்தச் சனம். நான் அந்த வரியை இரண்டு தரம் படித்தேன். இவர் ஒருதரம் படித்துவிட்டு ஆகாயத்தில் பறக்கத் தொடங்கிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை டேப் ரெக்கோர்டரைத் தூக்கிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு லுணுகலைக்குப் போனார். கல்யாணம் முடிந்த பிறகு அவராக வாய் திறந்து என் அப்பா வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சினார். தெரிந்த அடியெல்லாம் ஒன்று விடாமல் அடித்தார். வேர்த்துக் கொட்டியது. கடைசியில் குச்சியைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அங்கன போடுறப்ப என் பேர சொல்லுவாங்களா மாப்ள?”

“சொல்லாமயா மாமா. மொதல்ல அதத்தான் சொல்லுவாங்க.”

அப்பா என்னைப் பார்த்தார். பெருமை பீற்றுகிற அந்த மனுஷனின் கண் கலங்கியிருந்தது. பிறந்ததிலிருந்து அவர் தப்புக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள், அவரைக் கூப்பிட்டதில்லை. கோயிலில்கூடப் பூசாரிக்கும் தர்மகர்த்தாவுக்கும் மாலை விழும், அவர் குச்சியை இடுப்பில் சொருகிக்கொண்டு ஓரமாக நிற்பார். மைக்கில் ஒருதரம் தன் பெயர் வர வேண்டும் என்பது அவருடைய ஆசை. அது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கிடைத்தால் என்ன கெட்டுப்போகும் என்று எனக்கும் ஆசை வந்துவிட்டது.

ஞாயிறன்று கடையில் கசெட்டைக் கம்ப்யூட்டரோடு இணைத்து இவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். திருவிழா அடியைத் தள்ளினார், காமன் கூத்து அடி இனிப்பாக இருக்கிறது என்றார். பிறகு ஒரு அடி வந்தது. இவர் கண்ணை மூடிக்கொண்டு, “இதுதான். இதுல ரத்தம் கொதிக்குது” என்றார்.

எனக்கோ கால் தானாகச் செருப்பைத் தேடியது. அது பெரட்டுத் தப்பு. காலையில் கணக்கப்பிள்ளை தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்தி, முன்னால் நடந்து பேர் கூப்பிட்டு, மலை மலையாகப் பிரித்து வேலைக்கு அனுப்புவார், அதுதான் பெரட்டு. எங்கள் தோட்டத்தில் ஃபெக்டரிச் சங்கு எப்போதும் பழுது. அதனால் நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலம் வரைக்கும் விடியற்காலையில் அப்பாதான் தப்படித்து ஆளைக் கிளப்புவார். அந்தச் சத்தம் கேட்டு அம்மா அடுப்பை அப்படியே போட்டுவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு ஓடுவாள். பிந்தினால் அரை நாள் சம்பளம்தான். தோட்டத்தில் நாய்க்கும் தெரியும் அந்த அடி. இவருக்குத் தெரியாது. கங்காணி வீடு தொழிலாளர்களின் லயத்துக்கு மேலே தனியாக இருந்தது, இவரைச் சின்னதிலேயே பதுளையில் போர்டிங் போட்டுப் படிக்க வைத்தார்கள்.

“என்னங்க, இது பெரட்டுக்கு அடிக்கிறது. வேலைக்கு வா, வரிசையில நில்லுன்னு கூப்புடுறது” என்றேன்.

இவர் என்னைப் பாவம் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

“இசைக்கு அர்த்தம் அடிக்கிறவன் குடுக்குறதில்ல ஜெயந்தி. கேக்குறவன் குடுக்குறது.”

முந்தின வாரம் சூரிச்சிலிருந்து யாரோ எழுதிய வரி அது. நான்தான் அதற்கு இவருடைய பாராட்டையும் டைப் பண்ணினேன். சரி, எப்படியோ போங்கள் என்று அனுப்பினேன். கோப்பு போய்ச் சேர அரைநாள் எடுத்தது.

பதில்கள் மளமளவென்று வந்தன. ஆதித் தமிழனின் போர்ப்பறை என்றார் ஒருவர். அடிமை விலங்கு உடைகிற ஓசை என்றார் இன்னொருவர். கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன் என்று லண்டனில் ஒருத்தர் எழுதியிருந்தார். நிற்கத்தான் வேண்டும், அதற்காகத்தானே அடிக்கிறது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஸரூக் நானா என்ன என்று கேட்டார், விஷயத்தைச் சொன்னேன். அவர் போட்டோக் கொப்பி மெஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

விழா முடிந்து ஒரு சின்ன வீடியோவைக் களத்தில் போட்டார்கள். அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினேன். ஞாயிறு காலை லுணுகலை பஸ்ஸில் வந்து இறங்கினார், அதே வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. ஸரூக் நானா அவருக்கு நல்ல கதிரையாகப் பார்த்துப் போட்டு, பக்கத்துக் கடையிலிருந்து எல்லாருக்கும் பிளேன்டீ வரவழைத்தார். இவர் நடுவில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் நான், மறுபக்கம் அப்பா.

வீடியோ விக்கி விக்கி ஓடியது. பெரிய மண்டபம். ஆண்கள் கோட்டு, பெண்கள் பட்டு. தேவாரம் முடிந்ததும் தப்பு ஒலித்தது. அத்தனை பேரும் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து வரிசை வரிசையாக விறைத்து நின்றார்கள். மதுசூதனன் மேடையிலிருந்து இறங்கி அந்த வரிசைகளுக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். அப்பா திரையை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“அட, அங்கயும் பெரட்டு வைக்கிறாங்களா. அந்தக் கோட்டுக்காரரு யாரு, கணக்கப்பிள்ளையா?”

ஸரூக் நானா வாயில் இருந்த தேத்தண்ணீரைத் துப்பிவிட்டார். இவர் மட்டும் சிரிக்கவில்லை. “சும்மா இருங்க மாமா” என்றார்.

மதுசூதனன் மைக்கைப் பிடித்தார். “இந்த ஆதி இசையை ஊவாவின் காடுகளுக்குள் அலைந்து தேடிக் கண்டெடுத்துத் தந்தவர் எங்கள் உறவு ஊவாவேந்தன்” என்றார். கைதட்டல். அப்பா கதிரை நுனிக்கு வந்துவிட்டார்.

“அடுத்தது என் பேருங்களா?”

“வரும் மாமா.”

வரவில்லை. வீடியோ முடிந்தது. அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் மிச்சம் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

கீழே மதுசூதனன் புதிதாக ஒரு கேள்வி போட்டிருந்தார்: “வேந்தன், விழா மலருக்கு விபரம் தேவை. பறை அடித்த கலைஞர் ஆர்? உங்களுக்கு எப்படிப் பழக்கம்?”

இதோ வந்துவிட்டது, மைக்கில் இல்லாவிட்டாலும் புத்தகத்தில் வரட்டும் என்று விரலைத் தயாராக வைத்துக்கொண்டு இவரைப் பார்த்தேன். இவர் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

“எழுது. பெயர் தெரியவில்லை. யாரோ ஒரு தோட்டத் தொழிலாளி. போகிற வழியில் கண்டு பதிவு செய்தேன்.”

நான் கீபோர்டில் கை வைக்கவில்லை.

“வெளங்கலைங்க. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க.”

“ஜெயந்தி, சொன்னத அடி.”

“என்ன கேக்குறாங்க தாயி?” என்றார் அப்பா.

இவர் திரும்பி அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “ஒங்களப் பத்தித்தான் மாமா. ரொம்பப் பெருமையா கேக்குறாங்க” என்றார். அப்பாவும் சிரித்தார்.

எனக்கு அப்போது வந்தது கோபம் இல்லை. கோபம் என்றால் பத்து நிமிஷத்தில் ஆறிவிடும். இது அருவருப்பு. வெறுங்காலால் எதையோ மிதித்துவிட்டால் வருமே, அது. இந்த மனுஷனின் பொய்யை இத்தனை நாளும் பிழை திருத்தி, புள்ளி வைத்து, அழகாக அனுப்பியிருக்கிறேன் என்று நினைக்க எனக்கே என் விரல்கள் பிடிக்கவில்லை. இவர் சொன்னதை விட்டுவிட்டு நான் அடித்தேன்:

“பறை அடித்தவர் பெயர் வீரய்யா. லுணுகலைப் பக்கத்துத் தோட்டம். ஊவாவேந்தனின் மாமனார். இப்போது இதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் எழுந்து நின்ற அடி போர்ப்பறை இல்லை, தோட்டத்தில் கூலிக்கு ஆள் கூப்பிடுகிற அடி. வேந்தன் பணி நிமித்தம் ஊவாவுக்கு வரவில்லை, இங்கே தோட்டத்தில் பிறந்தவர். அவர் எழுத்தை இதுவரை டைப் பண்ணியது நான், அவர் மனைவி ஜெயந்தினி. வீரய்யாவின் பெயரை மலரில் போடுங்கள்.”

பக்கம் திறக்கிற வேகம்தான் இவர் படிக்கிற வேகமும். கை நீட்டுவதற்குள் அனுப்பிவிட்டேன்.

வேரடி அவ்வளவு சுறுசுறுப்பாக இருந்து நான் பார்த்ததில்லை. முதலில் லண்டன்காரர் வந்தார்: “அப்ப இவர் தோட்டக்காட்டு ஆளோ?” ஒஸ்லோ அம்மா எழுதினார்: “எங்களை ஏமாற்றிப்போட்டார்.” சூரிச்சில் ஒருவர் இசையில் முதலிலேயே ஒரு குறை தெரிந்தது என்றார். வீரய்யாவைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. கடைசியாக மதுசூதனன் வந்து, தொழில்நுட்பக் காரணங்களால் அந்த ஒலிப்பதிவு நீக்கப்படுகிறது என்று நாகரிகமாக அறிவித்தார். மறுபடி பக்கத்தைத் திறந்தபோது ஊவாவேந்தன் என்ற பெயருக்கு அனுமதி இல்லை என்று வந்தது. இவர் என் கையைத் தட்டிவிட்டுத் தானே ஒற்றை விரலால் பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்துப் பார்த்தார். அனுமதி இல்லை.

அடிப்பார், கத்துவார் என்று நினைத்தேன். அதற்குப் பதில் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. ஆனால் இவர் கத்தவில்லை. அந்த வெள்ளைத் திரையைப் பார்த்து உண்மையிலேயே அழுதார். கல்யாணத்தில் தன் அம்மா சாபம் விட்டபோதும் அழாத மனுஷன்.

“இனிமே எனக்குன்னு யாரு இருக்கா” என்றார்.

அப்பாவுக்கு நடந்தது ஒன்றும் விளங்கவில்லை. மருமகனுக்கு வெளிநாட்டில் ஏதோ சாவு விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். கதிரையை நெருக்கிப் போட்டு இவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு, “நாங்க இருக்கோம்ல மாப்ள, நாங்க இருக்கோம்ல” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இவர் தோளை உதறினார். உதறிவிட்டு இன்னொரு தடவை கடவுச்சொல்லை அடித்தார்.